கோல்டுபிஷ் தொட்டிக்கு நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா தூக்குப்போசியோடு வாசலுக்கு வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கோல்டுபிஷ். வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் சிவப்புக் குல்லா. கடையில் ரெட் கேப் என்று சொல்லி விற்பார்களே, அந்த வகை. வால் முழுக்க மெல்லிய சிவப்புக் கோடுகள். வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் பாதித் தண்ணிய எறக்கிட்டு மாத்துனேன் தம்பி. ராத்திரியிலிருந்து இப்படியேதான் இருக்குது."

"என்ன தண்ணிங்க்கா ஊத்துனீங்க?"

"மோட்டார் போட்டு போர்ல புடிச்சதுதான். கேன் தீந்துபோச்சு."

"அப்ப இத்தன நாளு கேன் தண்ணியா ஊத்திட்டிருந்தீங்க?"

"பின்ன? மீனுக்கு நல்ல தண்ணிதானே ஊத்தோணும். உப்புத் தண்ணிய ஊத்தினதாலதான் இப்படி ஆயிருச்சு."

இன்னொரு மீன் இருந்ததே என்று கேட்டேன். அது ராத்திரியே போய்விட்டதாம்.

அக்கா சொன்னதில் பாதி சரி. போர் தண்ணீர் ஊற்றியதால்தான் மீன் செத்தது. ஆனால் அதற்கு வழி செய்து வைத்திருந்தது அந்த 'நல்ல தண்ணி'. இது எப்படி என்று கேன் தண்ணீர்ப் பகுதியில் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம், கோபாலபுரம் வரைக்கும் தொட்டி வைத்திருக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி அநேகமாக இது ஒன்றுதான்: போரா, கேனா, பைப்பா, கிணறா, எதை ஊற்றுவது?

எங்கள் ஊர் நிலவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பாலக்காட்டுச் சித்தூர் வட்டம். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை. வரைபடத்தில் கேரளம், பேச்சில் தமிழும் நிறைய, மண்ணில் பொள்ளாச்சி. கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே எங்கள் வட்டத்தில்தான். மழையும் மற்ற கேரளத்தைப் போலக் கொட்டாது. கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமையாகக் குடிக்கிற சிறுவாணி எங்கள் பாலக்காடு மாவட்டத்து மலையிலிருந்துதான் போகிறது. எங்களுக்கு வாய்த்தது போர். மேற்கே பாலக்காட்டைத் தாண்டினால் செம்பாறை மண், அங்கே கிணற்றுத் தண்ணீர் புளிக்கும் அளவுக்கு, அதாவது அமிலம் தட்டும் அளவுக்கு, உப்புக் குறைந்த மென்மை. ஆக, முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் எதிரெதிர் குணமுள்ள தண்ணீர்கள். யூடியூபில் யாரோ சொன்ன ஒரே யோசனை எல்லோருக்கும் பொருந்தாமல் போவது இதனால்தான்.

## எதை வைத்து அளப்பது

நாக்கை வைத்து அளக்கக் கூடாது. இதுதான் முதல் விதி. டி.டி.எஸ். பேனாவை மட்டும் நம்பி அளப்பதும் அதற்குக் கொஞ்சம்தான் மேல். கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்று அந்தப் பேனா சொல்லும். மீனைக் கொல்கிற அம்மோனியாவையோ குளோரினையோ அது காட்டவே காட்டாது.

கோல்டுபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது. கெண்டை வகை, நாளெல்லாம் மேயும், மேய்ந்ததை உடனுக்குடன் வெளியே தள்ளும். கழிவின் பெரும்பகுதி செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேறுகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

இந்த வேலை நடக்கும்போது தண்ணீரில் அமிலம் சேர்கிறது. ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது தண்ணீரிலிருக்கும் காரத்தன்மையில் ஏறக்குறைய 7 மி.கி. செலவாகிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்தால் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சரியும்; 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாக்களும் வேலையை நிறுத்திவிடும். டெஸ்ட் கிட்டில் கே.எச். என்று போட்டிருப்பது இந்தச் சேமிப்பைத்தான். இங்கே அதைத் தாங்குசக்தி என்று சொல்கிறேன்.

ஆகவே ஒரு தண்ணீரை எடைபோட நான் பார்ப்பவை: தாங்குசக்தி எவ்வளவு, குளோரின் மாதிரி விஷம் உண்டா, பிடித்த உடனே ஊற்றலாமா, சித்திரை வைகாசியிலும் அதே தண்ணீர் அதே குணத்தோடு கிடைக்குமா, கடைசியாகச் செலவு. இதில் நான்காவதை யாரும் கேட்பதில்லை. மீன்கள் அதிகம் சாவது அதில்தான்.

## போர் தண்ணீர்

எங்கள் வீட்டுப் போரில் டி.டி.எஸ். 780 காட்டும். குடத்தில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 500 வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கோல்டுபிஷ் 780-ஐப் பற்றிக் கவலைப்படாது. அதற்குப் பிடித்ததே பி.எச். 7-லிருந்து 8.4 வரையான, கொஞ்சம் கடினமான தண்ணீர். தாங்குசக்தி தாராளம் என்பதால் ஒரு வாரம் மாற்ற மறந்தாலும் பி.எச். ஆடாது.

இந்தப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உண்டு. அது நம் பல்லுக்கும் எலும்புக்குமான கவலை. குடிக்க வடிகட்டுவது சரிதான். கோல்டுபிஷ் விஷயத்தில் நான் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. தென்னைக்கும் நெல்லுக்கும் உரம் போடுகிற வயலை ஒட்டிய போர் என்றால் நைட்ரேட்டை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 45 மி.கி. என்பது குடிநீர் வரம்பு. தண்ணீர் வரும்போதே அதற்குமேல் இருந்தால், மாற்றி மாற்றி ஊற்றி நைட்ரேட்டைக் குறைக்கலாம் என்ற கணக்கு உங்களுக்கு ஓடாது.

மறைந்திருக்கும் சிக்கல் மூன்று.

ஒன்று, பூமிக்கடியிலிருந்து ஏறும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். வீட்டிலேயே பார்க்கலாம். போரிலிருந்து நேரே ஒரு டம்ளர் பிடித்து பி.எச். பாருங்கள்; எங்கள் வீட்டில் 7.2. அதே தண்ணீரை வாளியில் ஊற்றி, ஏர்ஸ்டோன் போட்டு, ராத்திரி முழுக்கக் குமிழ் விட்டுக் காலையில் பாருங்கள்; 8.2. எதையும் சேர்க்கவில்லை. வாயு வெளியேறியது, அவ்வளவுதான். நேரே தொட்டிக்குள் ஊற்றினால் இந்த ஏற்றம் முழுவதும் மீனின் மேல் நடக்கும்.

இரண்டு, மொட்டைமாடி டேங்க். கறுப்புச் சின்டெக்ஸில் சித்திரை மதியம் நிற்கிற தண்ணீரில் கைவைக்க முடியாது. கோல்டுபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம், 30-க்கு மேல் அவஸ்தை. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்ஸிஜன் பிடித்துவைக்கிற தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். விடியற்காலையில் பிடித்து வைப்பதே நல்லது.

மூன்று, பி.எச். உயர உயர அம்மோனியாவின் விஷம் ஏறும். எனவே ஃபில்டர் பழகாத புதுத் தொட்டிக்கு முழுக்கப் போர் தண்ணீர் கொஞ்சம் ஆபத்து. பழகிய தொட்டிக்கு இதைவிட நல்லது எங்கள் ஊரில் கிடையாது.

செலவு மோட்டார் கரண்டும், ஐந்து வாட் கூட இழுக்காத ஏர்பம்ப்பும்.

## கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ.வும்

அக்காவின் கதைக்கு வருகிறேன்.

கேனில் வருவதும் ஆர்.ஓ. தண்ணீர்தான். டி.டி.எஸ். ஐம்பதைச் சுற்றி இருக்கும். குளோரின் பயம் அநேகமாக இல்லை, உரம் இல்லை, பார்க்கக் கண்ணாடி மாதிரி. ஆனால் தாங்குசக்தி என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. அதையும் சேர்த்துத்தான் சவ்வு வடிகட்டிவிடுகிறது.

அப்படிப்பட்ட தண்ணீரில் இரண்டு கோல்டுபிஷ் மூன்று நாலு மாதம் இருந்தால் என்ன ஆகும்? அமிலம் சேர்கிறது, தடுக்க எதுவும் இல்லை, பி.எச். மெல்ல மெல்ல 6-க்கு வருகிறது. பாக்டீரியாக்கள் ஓய்ந்துபோகின்றன. அம்மோனியா சேர ஆரம்பிக்கிறது. ஆனால் மீன் சாகாது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். புளித்த தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அதாவது செவுளுக்குள் சுலபமாக நுழையாத உருவத்தில் இருக்கும். 28 டிகிரியில், பி.எச். 6 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ உருவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீன் மந்தமாக இருக்கும், செட்டையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கும், ஆனால் இருக்கும். தண்ணீரும் பளிச்சென்று இருக்கும். 'நல்ல தண்ணி'யாச்சே!

இந்தத் தொட்டியில் பாதியை இறக்கிவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றுங்கள். பி.எச். ஒரே தாவில் 8-ஐ எட்டும். இப்போது மொத்த அம்மோனியாவில் விஷ உருவம் நூற்றில் ஆறரைப் பங்கு. பாதித் தண்ணீர் மாற்றியதால் அம்மோனியா பாதியாகக் குறைந்தது உண்மை. விஷத்தின் வீரியமோ நூறு மடங்குக்குப் பக்கமாக ஏறியதும் உண்மை. கழித்துப் பார்த்தால் நாற்பது ஐம்பது மடங்கு. அன்றைக்குக் காலையில் அக்கா வீட்டுத் தொட்டியில் அம்மோனியாவைச் சோதித்தபோது சோதனைக் குழாயில் நிறம் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்கு, அதாவது அம்மோனியா மிக அதிகம் என்ற நிறத்துக்கு, போய் நின்றது. பி.எச். 7.8. தண்ணீர் மாற்றின கையோடு ஸ்பாஞ்சையும் குழாயில் அலசிப் பிழிந்து வைத்திருந்தார். மிச்சமிருந்த பாக்டீரியாக்களும் சாக்கடையோடு போய்விட்டன.

'தண்ணி மாத்துனதும் செத்துப்போச்சு, அதனால நான் மாத்துறதே இல்ல' என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கண்டது பொய்யில்லை, காரணம்தான் வேறு. அடுத்த மாதம் இன்னும் அதிக அம்மோனியாவோடு அதே விபத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

கேன் தண்ணீரிலேயே இருக்கத்தான் வேண்டும் என்றால், தாங்குசக்தியை நீங்களே சேர்க்க வேண்டும். 50 லிட்டருக்கு ஒரு தட்டை டீஸ்பூன் ஆப்பச் சோடா, ஏறக்குறைய 6 கிராம், லிட்டருக்கு 70 மி.கி. தாங்குசக்தி தரும், கோல்டுபிஷ்ஷுக்கு அது போதும். இந்த அளவை ஏற்கெனவே புளித்த தொட்டியில் கொட்டினால் அதுவும் அக்கா வீட்டுக் கதைதான். ஊற்றப்போகும் புதுத் தண்ணீரில் மட்டும் கலக்க வேண்டும். இன்னொரு வழி, கிளிஞ்சலை உடைத்து வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைப்பது. தண்ணீர் புளிக்கும்போது அது தானே கரைந்து கொடுக்கும். சுட்ட சுண்ணாம்பை வைத்துவிடாதீர்கள்; வெற்றிலைக்கு ஆகும், மீனுக்கு எமன்.

பணக்கணக்கு: 60 லிட்டர் தொட்டியில் வாரம் கால்வாசி, 15 லிட்டர். எங்கள் பக்கம் கேன் 30, 40 ரூபாய். வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்குள் அடங்கும். வீட்டு ஆர்.ஓ. என்றால் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வரை வீணாகத் தள்ளும். மீனுக்கான 15 லிட்டருக்காக நாற்பத்தைந்து லிட்டர் சாக்கடைக்கு. 2002-ல் நிலத்தடி நீருக்காகப் போராட்டம் தொடங்கிய பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கத்து ஊர். எனக்கு இதைச் செய்ய மனசு வருவதில்லை. அந்தத் தள்ளுத் தண்ணீரையே தொட்டிக்கு ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். உப்போடு நைட்ரேட்டும் அதில்தான் சேர்ந்து கெட்டிப்படும். தென்னை மரத்துக்கு ஊற்றச் சொன்னேன்.

## பைப் தண்ணீர்

ஆற்றிலிருந்தும் அணையிலிருந்தும் எடுத்துச் சுத்திகரித்து வருவது. கடினத்தன்மை நடுத்தரம், தாங்குசக்தி மட்டாக இருக்கும். குளோரின் ஒன்றுதான் தலைவலி. குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நமக்கான விதி. மீனின் செவுளுக்கும் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதுவே அதிகம். மழைக்காலத்தில் ஆறு கலங்கும்போது அளவைக் கூட்டுவார்கள், மூக்கே சொல்லிவிடும்.

வாயகன்ற பாத்திரத்தில் 24 மணிநேரம் திறந்து வைத்து ஏர்ஸ்டோன் போட்டால் போய்விடும். குடத்தில் வைத்து மூடினால் போகாது. அவசரத்துக்கு ஹைப்போ: அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவினார்களே, அதே சோடியம் தயோசல்ஃபேட். 100 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொண்டால், 10 லிட்டர் பைப் தண்ணீருக்கு ஒரு மி.லி. போதும். மீன் கடையில் சின்ன பாட்டிலில் ஆன்டி குளோரின் என்று விற்பதும் பெரும்பாலும் இதன் கரைசல்தான். நீலப் பாட்டிலைக் காட்டிக் கொடுத்தால் வாங்குமுன் கேளுங்கள். மெத்திலீன் ப்ளூவாக இருக்கலாம். அது மருந்து, குளோரினை எடுக்காது.

பாலக்காட்டில் ஒரு கடைக்காரர் "வெள்ளம் மாத்தினா மதி" என்றார், தண்ணீர் மாற்றினால் போதும் என்று. கூட வந்த கோயம்புத்தூர் நண்பன் முழித்தான். அவன் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு உடைத்துக்கொண்டு வருவது. எங்கள் ஊர்ப் பைப் வெள்ளத்துக்கும் அதுதான் குறை. வந்தால் வெள்ளம், வராவிட்டால் நாலு நாள் காற்றுதான். கோடையில் இதை மட்டும் நம்பித் தொட்டி வைக்காதீர்கள்.

## திறந்த கிணறு

வெயில் பட்டு, காற்று பட்டு, பிடித்த உடனே ஊற்றக்கூடிய தண்ணீர் இது ஒன்றுதான் என்று சின்ன வயதில் நம்பினேன். இன்றும் பாதி நம்புகிறேன். ஆனால் மேற்கே செம்பாறைப் பகுதிக் கிணறுகளில் பி.எச். 6 பக்கத்தில்கூட இருக்கும்; அதற்கு மேலே சொன்ன கிளிஞ்சல் வைத்தியம் தேவை. எங்கள் கரிசல் பக்கத்துக் கிணறு அப்படியில்லை, ஆனால் மாசி பங்குனியில் அடிமண்ணைக் காட்டிவிடும். வற்றும்போது தண்ணீரின் குணமும் மாறிக்கொண்டே போகும்.

கேரளத்துக் கிணறுகளுக்கு என்று ஒரு தனி ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வந்து பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமீபா மூளைக்காய்ச்சலைத் தடுக்க மாநிலம் முழுக்க இதை ஓர் இயக்கமாகவே செய்தார்கள். வழக்கமான அளவு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். வேகமாகச் சுத்தம் செய்ய அதில் இரட்டிப்பு. நம் உயிருக்கு அவசியமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டில் இல்லாத நீங்கள் மறுநாள் வாளியை விட்டு இறைத்து நேரே தொட்டியில் ஊற்றினால் கதை முடிந்தது. கிணற்றுத் தண்ணீர் என்றாலும் ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள்.

## மழைத் தண்ணீர்

தனியாக ஊற்றக் கூடாது. தாங்குசக்தி விஷயத்தில் கேன் தண்ணீருக்கு அண்ணன். தகரக் கூரையிலிருந்து பிடித்தால் துத்தநாகம் வேறு சேரும். முதல் மழையை விட்டுவிட்டு, ஓட்டுக்கூரையிலிருந்து சுத்தமாகப் பிடித்து, ரொம்பக் கடினமான போரோடு மூன்றுக்கு ஒன்று கலக்கலாம். அதற்குமேல் பேச இதில் ஒன்றுமில்லை.

## ஒரே பார்வையில்

| தண்ணீர் | தாங்குசக்தி | ஊற்றுமுன் செய்ய வேண்டியது | மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| போர் | தாராளம் | ஒரு ராத்திரி ஏர்ஸ்டோன் | உப்புப் படிவு, மாடி டேங்க் சூடு | பழகிய தொட்டி, வருஷம் முழுக்க ஒரே தண்ணீர் வேண்டுபவர் |
| கேன், ஆர்.ஓ. | இல்லை | ஆப்பச் சோடா அல்லது கிளிஞ்சல் | வாரம் ஒரு கேன், வீணாகும் தண்ணீர் | போர் உப்புக் கரிக்கும் வீடு, கணக்காகக் கலக்கப் பொறுமை உள்ளவர் |
| பைப் | நடுத்தரம் | 24 மணிநேரம் அல்லது ஹைப்போ | குளோரின் ஏற்ற இறக்கம், வராத நாட்கள் | புதுத் தொட்டி, டவுன் வீடு |
| கிணறு | இடத்துக்கு இடம் மாறும் | ஒரு நாள் வைத்திருத்தல் | பிளீச்சிங் பவுடர், கோடை வறட்சி | பங்குனியிலும் ஊறும் கிணறு உள்ளவர் |
| மழை | இல்லை | கலக்க மட்டும் | கூரை அழுக்கு | கடினமான போரைத் தணிக்க |

என் வீட்டில் போர்தான், பத்து வருஷமாக. ஆனால் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டவுனில் அபார்ட்மென்டில் இருப்பவருக்கு நான் பைப் தண்ணீரைத்தான் சொல்வேன். அபார்ட்மென்ட் போரில் சாஃப்ட்னர் மாட்டியிருப்பார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிற வேலை, குணத்தைக் கேட்டு விசாரிக்க வேண்டும். புதுத் தொட்டி தொடங்குபவர் முதல் ஆறு வாரத்துக்குப் போரில் பாதி, குளோரின் எடுத்த பைப் தண்ணீர் பாதி என்று ஓட்டலாம். பி.எச். ஏழரைப் பக்கம் நின்றால் அம்மோனியா கொஞ்சம் ஏறினாலும் மீன் தப்பிக்க அவகாசம் கிடைக்கும். எதை எடுத்தாலும் வாரம் கால்வாசி, அதே தண்ணீர்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமா? மாறுமுன் தொட்டியில் அம்மோனியா பாருங்கள். பூஜ்யம் என்றால் தினம் பத்தில் ஒரு பங்காக மாற்றிக்கொண்டு வரலாம். அம்மோனியா இருந்தால், முதலில் பழைய வகைத் தண்ணீரையே ஊற்றி அதைக் குறைத்துவிட்டுத்தான் புது வகைக்குப் போக வேண்டும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயில் அல்ல.

## மீன் ஏற்கெனவே சீக்கில் இருந்தால்

இங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது: தண்ணீரா, உப்பா, மருந்தா. பலரும் பின்னாலிருந்து தொடங்குகிறார்கள்.

மேலே வந்து வாய் திறப்பது, செட்டை மடங்குவது, வாலில் சிவப்புக் கோடு, உடம்பில் திடீரென்று கறுப்புத் திட்டு: இந்த நாலும் முதலில் தண்ணீரைக் காட்டுகின்றன. கறுப்புத் திட்டு பெரும்பாலும் அம்மோனியா சுட்ட காயம் ஆறுவதற்கான அறிகுறி. பயப்பட வேண்டாம், ஆனால் கிட்டை எடுங்கள். ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி என்றால் அது ஒட்டுண்ணி. செதில் அன்னாசிப் பழம் போல விரிந்து நின்றால் உள்ளுறுப்பு கெட்டாயிற்று. அதிலிருந்து மீண்ட மீனை நான் ஒன்றுதான் பார்த்திருக்கிறேன்.

கல் உப்பு லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை கோல்டுபிஷ் தாங்கும். நைட்ரைட் ஏறிய தொட்டியில் உப்பின் குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது, அதனால் உடனே பலன் தெரியும். ஆனால் உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றிய அளவுக்கு ஊற்றும்போதெல்லாம் மறுபடி உப்புப் போட்டுக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் கடல்தான்.

மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துத் தொட்டியில் கொட்டுகிற பழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. கடினமான போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். மீனுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். காசு போய், தண்ணீரும் மஞ்சளாகி, நுரைத்து, ஸ்பாஞ்ச் பாக்டீரியாக்களும் அடிவாங்கும். அம்மோனியாவில் மூச்சுத் திணறுகிற மீனுக்கு ஆன்டிபயாடிக் என்ன செய்யும்?

அக்காவின் ரெட் கேப்பை, முந்தின நாளே குமிழ் விட்டு வைத்திருந்த என் டிரம் தண்ணீரில் விட்டேன். அதுவும் போர்தான். ஆனால் அதில் அம்மோனியா பூஜ்யம். அதன் தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே 7.8-க்கு வந்துவிட்டிருந்ததால் பி.எச். தாவலும் பெரிதில்லை. 50 லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பு, ஏர்ஸ்டோன், மேலே ஈரத் துணி, மூன்று நாள் தீனி இல்லை.

"ஒண்ணுமே போடாம வச்சா பசியில செத்துராதா தம்பி?"

"சாகாதுங்க்கா. தின்னாத்தான் இப்பக் கஷ்டம்."

மத்தியானத்துக்குள் கீழே இறங்கி நின்றது. நாலாம் நாள் வேகவைத்த பட்டாணியின் தோலை உரித்துப் போட்டேன். மென்று துப்பி, மறுபடி மென்று, தின்றது. வாலில் சிவப்பு மங்க இரண்டு வாரம் ஆனது. தலைக் குல்லாவின் ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்பு வளையம் விழுந்து, ஆனியில்தான் மறைந்தது.

இப்போது அக்கா வீட்டுத் துவைகல் பக்கத்தில் ஒரு நீல டிரம் நிற்கிறது. சனிக்கிழமை விடியலில் போர் தண்ணீர் பிடித்து ஏர்ஸ்டோன் போட்டுவிடுகிறார், ஞாயிறு காலை கால்வாசி மாற்றுகிறார். ராத்திரி முழுக்கக் கொடகொடவென்று சத்தம், தூக்கம் வரவில்லை என்று அண்ணன் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார். பம்ப்புக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.